உண்ணும்போது கழற்றலாம்: விமான நிலைய லவுஞ்சும் முகக்கவச விதியும்

2020 மார்ச் 1 அன்று லண்டனிலிருந்து ஹனோய்க்குக் கிளம்பிய வியட்நாம் ஏர்லைன்ஸின் விஎன் 54 விமானத்தில் தொண்டைவலியும் இருமலுமாக ஒருவர் ஏறினார். முகக்கவசம் அப்போது கட்டாயமாகியிருக்கவில்லை. ஊழியர்களையும் சேர்த்து 217 பேர், ஏறத்தாழப் பத்து மணி நேரப் பயணம். வியட்நாம் சுகாதாரத் துறை பிறகு அவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தபோது, இருமிய பயணியையும் சேர்த்து 16 பேருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. அவர்களில் 12 பேர் அவரோடு வணிக வகுப்பில் உட்கார்ந்து வந்தவர்கள். அந்த வகுப்பில் மட்டும் பத்தில் ஆறு பேரைக் கிருமி பிடித்திருந்தது. இருக்கைகள் நெருங்கிக் கிடந்த சிக்கன வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே தொற்று.

இந்த நிகழ்வை ஆராய்ந்து அதே ஆண்டில் வெளியான கட்டுரை, விமானத்துக்குள் பரவியதே பெரும்பங்கு என்று முடிவு சொன்னது. கூடவே இன்னொரு வாய்ப்பையும் குறித்து வைத்தது. வணிக வகுப்புப் பயணிகளில் சிலருக்கு விமானம் ஏறும்போதோ, அதற்கு முன் அவர்கள் காத்திருந்த லவுஞ்சிலோ தொற்றியிருக்கலாம் என்பதே அது. கட்டுரை பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. இந்த வரியை மட்டும் பெரும்பாலோர் கடந்து போய்விட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளின் விவாதம் முழுவதும் விமானத்தின் உட்புறத்தைச் சுற்றியே நடந்தது. நடு இருக்கையைக் காலியாக விட வேண்டுமா, பணிப்பெண் சொல்லியும் கேட்காதவரை என்ன செய்வது, காற்றை வடிகட்டும் ஹெப்பா வடிகட்டிகள் போதுமா என்று பேசித் தீர்த்தோம். நடு இருக்கைச் சண்டை இந்திய உச்ச நீதிமன்றம்வரை போய், 2020 மே 25 அன்று, ரம்ஜான் விடுமுறை நாளிலேயே, அவசர வழக்காக விசாரிக்கப்பட்டது. லவுஞ்சின் சோபாவுக்கு அப்படி ஒரு வழக்கு நடந்ததில்லை.

அது நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெருந்தொற்றுக் காலத்து முகக்கவச விதி மிகவும் வலுவிழந்து நின்ற இடங்களில் ஒன்று லவுஞ்ச். மூடிய அறை, சாப்பிடுவதற்கென்றே வருகிற கூட்டம், ஒரு மணியோ இரண்டு மணியோ உட்கார்ந்திருக்கும் பழக்கம், விதியைச் சொல்ல அதிகாரமில்லாத ஊழியர்: இத்தனையும் ஓரிடத்தில் கூடின. சட்டம் பயணியின் முகத்தைப் பார்த்தது. அந்த அறையில் எத்தனை பேர், அவர்கள் மூச்சுவிடும் காற்று எப்படிப்பட்டது என்பதைப் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் விதியை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் அதுதான் மிகத் தெளிவாக இருந்தது. ஜோ பைடன் பதவியேற்ற மறுநாள், 2021 ஜனவரி 21 அன்று, பயணத்தில் முகக்கவசம் பற்றிய நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். சிடிசி எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆணை ஜனவரி 29இல் வந்து பிப்ரவரித் தொடக்கத்தில் நடைமுறையானது. விமானம், ரயில், பேருந்து மட்டுமின்றி விமான நிலையக் கட்டடமும் அதற்குள் அடங்கும். ஆகவே லவுஞ்சும் அடங்கும். போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் முதலில் 250 டாலரிலிருந்து அபராதம் வைத்தது. 2021 செப்டம்பரில் அதை இருமடங்காக்கி, முதல் தவறுக்கு 500 முதல் 1,000 டாலர், அடுத்ததற்கு 3,000 டாலர்வரை என்று உயர்த்தியது.

ஆணையில் ஒரு விலக்கு இருந்தது. உண்ணும்போதும் குடிக்கும்போதும் மருந்து எடுத்துக்கொள்ளும்போதும், சிறிது நேரத்துக்கு, முகக்கவசத்தைக் கழற்றலாம். சிறிது நேரம் என்றால் எவ்வளவு என்ற கேள்வி எழுந்ததும், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையே, ஒரு மிடறுக்கும் அடுத்த மிடறுக்கும் இடையே முகக்கவசத்தை மறுபடி போட வேண்டும் என்று விளக்கம் தந்தார்கள். வாயிலில் நின்று விமானம் ஏறுவதற்காகக் காத்திருப்பவருக்கும், ரயிலில் தண்ணீர் குடிப்பவருக்கும் இது பொருந்தும். தட்டு நிறைய உணவும் கையில் ஒயின் கோப்பையுமாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அறைக்கு இது எப்படிப் பொருந்தும்? லவுஞ்சில் கோப்பை காலியாவதே இல்லை. கோப்பை கையில் இருக்கும்வரை விலக்கும் இருக்கிறது. எழுந்து போய் உணவெடுக்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் முகக்கவசம் போட்டு, திரும்பி வந்து உட்கார்ந்ததும் கழற்றிவிட்டால் விதியை முழுதும் கடைப்பிடித்ததாகவே ஆகும். அந்த அறையில் விதியே விலக்காகிவிட்டது.

உண்ணும் இடங்களே தொற்றின் கண்ணி என்பதை அப்போது யாரும் அறியாமல் இல்லை. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள், குவாங்சோ நகரின் உணவகம் ஒன்றில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் சாப்பிட்டன. வூஹானிலிருந்து வந்திருந்த ஒருவர் அவற்றில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர். மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேர் நோயுற்றார்கள். குளிரூட்டி அந்த மூன்று மேசைகளின் காற்றையே சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. காற்றை வெளியேற்றும் விசிறிகள் நிறுத்தப்பட்டிருந்தன. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் யூகுவோ லீயும் உடன் ஆய்வாளர்களும் பிறகு அளந்து பார்த்ததில், ஆளுக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவில்தான் புதிய காற்று கிடைத்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சிடிசியே ஓர் ஆய்வை வெளியிட்டது. 11 மருத்துவ நிலையங்களில் சோதனைக்கு வந்த 314 பேரைக் கேட்டதில், தொற்று உறுதியானவர்கள் அதற்கு முந்தைய இரு வாரங்களில் உணவகத்தில் சாப்பிட்டிருக்கும் வாய்ப்பு, தொற்றில்லாதவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. கடைக்குப் போனதிலோ முடிதிருத்தப் போனதிலோ அப்படியொரு வேறுபாடு தென்படவில்லை.

விமான நிலையத்துக்குள்ளேயே நடந்த சான்று சிங்கப்பூரிலிருந்து வந்தது. உலகிலேயே மிகக் கவனமாக நடத்தப்படும் நிலையங்களில் சாங்கியும் ஒன்று. 2021 மே மாதம் அதன் மூன்றாம் முனையத்தில் ஊழியர்களிடையே தொற்று வெடித்து எண்ணிக்கை நூறைத் தாண்டியது. தொற்று மிகுந்த நாடுகளிலிருந்து வந்திறங்கிய பயணிகளைக் கையாண்ட பகுதியில் வேலை செய்தவர்களே முதலில் பாதிக்கப்பட்டார்கள். பணியின்போது அவர்கள் கவசமும் முகமூடியும் அணிந்திருந்தார்கள். பிறகு சாப்பிடுவதற்காக அடித்தளத்து உணவுக்கூடத்துக்குப் போனார்கள். பொதுமக்களும் வந்துபோகும் இடம் அது. அதன் வழியாகவும் தொற்று பரவியிருக்க வேண்டும் என்று அதிகாரிகள் கருதினர். மே 13 முதல் முனையங்கள் 1, 3ஐயும் ஜூவல் வணிக வளாகத்தையும் பொதுமக்களுக்கு மூடினார்கள். பணியிடத்தில் எட்டு மணி நேரம் காத்த ஒழுங்கு, சோறுண்ணும் அரைமணியில் அவிழ்ந்துவிட்டது. அந்த ஊழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முகத்தைத் திறக்காமல் சாப்பிட முடியாது. திறந்த முகத்தோடு உட்கார அவர்களுக்குக் கிடைத்த அறைதான் பிழை.

இந்திய அரசுக்கும் இந்தக் கணக்கு புரிந்திருந்தது. 2020 மே 25இல் உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது விமானத்தில் உணவே கிடையாது. ஆகஸ்டு இறுதியில் பொட்டலமாகக் கட்டிய உணவுக்கு அனுமதி வந்தது. இரண்டாம் அலை எழும்பிய 2021 ஏப்ரலில், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான பயணங்களில் உணவு தரக் கூடாது என்று மறுபடி தடை போட்டார்கள். அது நவம்பர் நடுப்பகுதிவரை நீடித்தது. தர்க்கம் நேரானது: சாப்பாடு இல்லையென்றால் கழற்றவும் காரணமில்லை. ஆனால் அந்த ஆணை விமான நிறுவனங்கள் வானில் தரும் உணவுக்கானது, தரையிலுள்ள லவுஞ்சுக்கு அல்ல. சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பறக்கும் ஐம்பது நிமிடத்தில் ஒரு பிஸ்கட் தரக் கூடாது. ஹெப்பா வடிகட்டியும், மணிக்கு இருபது முதல் முப்பது முறை காற்று மாறும் ஏற்பாடும் உள்ள இடம் அது. அதற்கு முன் அந்த ஏற்பாடு எதுவுமில்லாத அறையில் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஆணையின் கண்ணில் படவில்லை.

அமெரிக்காவில் மதுவிலும் இதே கோணல் தெரிந்தது. 2021 மே மாதம் பணிப்பெண் ஒருவர் தாக்கப்பட்டதை அடுத்து, சவுத்வெஸ்ட் நிறுவனம் மது விற்பனையை மறுபடி தொடங்கும் திட்டத்தைத் தள்ளிவைத்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் பொது வகுப்பில் மதுவை மறுபடி தருவதைத் தள்ளிவைத்தது. அந்த ஆகஸ்டில் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் தலைவர் ஸ்டீவ் டிக்சன், நிலையக் கடைகள் மதுவைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று நிலையங்களுக்குக் கடிதம் எழுதினார். லவுஞ்சில் மது இலவசமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

இனி, விதியைச் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி சி. ஹரிசங்கரின் ஆணை. 2021 மார்ச் 5 அன்று அவர் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு ஏர் இந்தியா விமானத்தில் வந்தார். சுற்றிலும் பலர் முகக்கவசத்தை முகவாய்க்குக் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள். பலமுறை சொன்ன பிறகே சரிசெய்துகொண்டார்கள். விமானப் பணியாளர்களைக் கேட்டபோது, எல்லாரிடமும் சொல்லியாயிற்று, கேட்காவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பதில்தான் வந்தது. மூன்று நாள் கழித்து நீதிபதி தாமாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டார். மூக்கும் வாயும் மூடியிருக்க வேண்டும், பணியாளர்கள் அவ்வப்போது நடந்து சரிபார்க்க வேண்டும், கேட்காதவரைப் புறப்படும் முன்பே இறக்கிவிட வேண்டும், பறக்கும்போது அடம்பிடித்தால் பறக்கத் தடைப் பட்டியலில் சேர்ப்பதுவரை நடவடிக்கை எடுக்கலாம் என்று ஆணையிட்டார். மார்ச் 13இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதையொட்டிச் சுற்றறிக்கை விட்டது. மார்ச் இறுதியில், காவல்துறை உதவியோடு நிலையங்களில் உடனடி அபராதம் விதிக்கும் வழியை ஆராயுமாறும் கேட்டுக்கொண்டது.

விமானப் பணியாளர்களே கையை விரித்த நிலை அது. அவர்களுக்குப் பின்னால் சட்டத்தின் பெரிய பலம் இருக்கிறது. கதவு மூடியதும் தலைமை விமானிக்குக் கிடைக்கும் அதிகாரத்தை 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கை உலகம் முழுதும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்க விதிகள், விமானத்துக்குள் பணியாளரின் வேலைக்குக் குறுக்கே நிற்பதையே குற்றமாக்குகின்றன. இந்தியாவில் 2017இல் வந்த பறக்கத் தடைப் பட்டியல், வாய்த் தகராறுக்கு மூன்று மாதம்வரை, கைவைத்தால் ஆறு மாதம்வரை, உயிருக்கு ஆபத்தென்றால் குறைந்தது இரண்டு ஆண்டு என்று படிகளை வகுத்திருக்கிறது. அத்தனை இருந்தும் 2021இல் அமெரிக்க விமானங்களிலிருந்து ஏறத்தாழ 6,000 அடாவடிப் புகார்கள் வந்தன. அவற்றில் 4,300 அளவுக்கு முகக்கவசம் தொடர்பானவை. இவை விமானத்துக்குள் நடந்தவற்றின் கணக்கு.

லவுஞ்சின் வாசலில் அட்டையைத் தேய்த்து உள்ளே அனுப்பும் பெண்ணுக்கு இந்தப் பலங்களில் எது இருக்கிறது? அவர் விமானப் பணியாளர் அல்ல, பாதுகாப்புப் பணியாளரும் அல்ல. பல நிலையங்களில் அவர் விமான நிறுவனத்தின் ஊழியர்கூட இல்லை. உணவு ஒப்பந்தக்காரரின் சம்பளப் பட்டியலில் இருப்பவர். நுழைவாயிலில் துப்பாக்கியோடு நிற்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் முகக்கவசம் இல்லாதவரை உள்ளே விடாமல் தடுக்கலாம். லவுஞ்சுக்குள் கழற்றியவரிடம் போய்ப் பேச வேண்டியவர், அவருடைய தட்டை எடுக்க வரும் பையன்தான். அவனுடைய வேலை அந்த வாடிக்கையாளரின் திருப்தியில் தொங்குகிறது. 2021இல் ஆண்டுக்கு 695 டாலர் கட்டி அட்டை வைத்திருந்தவரிடம், ஐயா, ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் நடுவில் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவன் சொல்ல வேண்டுமென எதிர்பார்த்தது அநியாயம். அந்த அநியாயத்தின் மேல்தான் விதி முழுதும் நின்றது.

சொல்வதற்கு ஆள் இருந்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு வங்கதேசத்தில் நல்ல சான்று உண்டு. 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடையே நடந்த சோதனை அது. அதன் முடிவுகள் 2021 இறுதியில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன. இலவச முகக்கவசம், விளக்கம், ஊர்ப் பெரியவர்களின் முன்மாதிரி, இவற்றோடு சந்தையிலும் பள்ளிவாசலிலும் நடந்துபோய் நேரில் நினைவூட்டும் ஆட்கள் என்று எல்லாம் சேர்ந்தபோது, சரியாக முகக்கவசம் அணிபவர்கள் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தார்கள். அறுவைசிகிச்சை முகக்கவசம் கொடுத்த ஊர்களில் அறிகுறியுள்ள தொற்று 11 விழுக்காடு குறைந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடையே 35 விழுக்காடு. குறுஞ்செய்தி, வீட்டு வாசலில் ஒட்டும் அறிவிப்பு, பரிசு போன்றவை இதற்கு மேல் எதையும் கூட்டவில்லை. நேரில் வந்து கனிவாகச் சொல்லும் மனிதரே வேலையைச் செய்தார். லவுஞ்சுகள் நம்பியிருந்தது சுவரொட்டியை.

கூட்டத்துக்கு வருவோம். லவுஞ்ச் நெரிசலுக்குக் காரணம் பெருந்தொற்று அல்ல. அது வெகுகாலமாக விற்கப்பட்டு வந்த ஒன்று. 1939இல் நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த அட்மிரல்ஸ் கிளப், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் நுழையும் இடமாக இருந்தது. 1992இல் பிரயாரிட்டி பாஸ் வந்ததும், எந்த விமானத்தில் பறந்தாலும் சந்தா கட்டினால் உள்ளே போகலாம் என்றாயிற்று. 2013இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் லாஸ் வேகாஸில் தன் முதல் செஞ்சுரியன் லவுஞ்சைத் திறந்தது. 2016இல் சேஸ் வங்கியின் சஃபையர் ரிசர்வ் அட்டை, பிரயாரிட்டி பாஸோடு சேர்ந்தே வந்தது. நுழைவுரிமை பயணச்சீட்டிலிருந்து பிரிந்து வங்கி அட்டையில் ஏறிக்கொண்டது. பயணச்சீட்டுக்கு விமானத்தின் இருக்கைகள் ஓர் எல்லை. அட்டைக்கு எல்லை கிடையாது. இந்தியாவில் சாதாரண டெபிட் அட்டையில்கூட இரண்டு ரூபாய் தேய்த்து லவுஞ்சில் காலை உணவு சாப்பிடலாம் என்ற நிலை வந்தது. வங்கிக்கு அது விளம்பரம், லவுஞ்ச் நடத்துபவருக்கு வங்கி தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் வருமானம். ஆள் கூடக்கூடப் பணம் கூடும் இடத்தில், போதும் என்று கதவைச் சாத்த யாருக்கு மனம் வரும்?

பெருந்தொற்று இந்த ஓட்டத்தைச் சிறிது காலம் நிறுத்தியது. 2020 ஏப்ரல் நடுவில் அமெரிக்க நிலையங்களின் சோதனைச் சாவடிகளைக் கடந்தவர்கள் நாளொன்றுக்கு 90,000 பேருக்கும் குறைவு. முந்தைய ஆண்டு அதே நாள்களில் இருபது லட்சத்துக்கு மேல். இந்திய உள்நாட்டுப் பயணிகள் 2019இல் 14.4 கோடி, 2020இல் 6.3 கோடி. செஞ்சுரியன் லவுஞ்சுகள் 2020 மார்ச்சில் மூடி அக்டோபரில்தான் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கின. திறந்திருந்த சிலவும் காற்றாடின. அந்தக் காலத்தில் புறப்பாட்டு வாயிலில் நெருங்கி உட்கார்வதைவிட வெறிச்சோடிய லவுஞ்சில் ஒரு மூலையில் உட்கார்ந்தது பாதுகாப்பாகவே இருந்திருக்கும்.

மாற்றம் 2021 கோடையில் வந்தது. அமெரிக்காவில் ஜூன் 11 அன்று பெருந்தொற்றுக்குப் பிறகு முதல்முறையாக ஒரே நாளில் இருபது லட்சம் பேர் சாவடிகளைக் கடந்தார்கள். தடுப்பூசி போட்டவர்கள் குறைந்த ஆபத்தோடு பயணிக்கலாம் என்று சிடிசி ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது. பயணிகள் திரும்பிவிட்டார்கள், லவுஞ்சுகளும் அவற்றின் ஆட்களும் முழுதாகத் திரும்பவில்லை. இடைக்காலத்தில் அட்டைகள் விற்றுக்கொண்டே இருந்தன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் பிளாட்டினம் அட்டையின் ஆண்டுக் கட்டணம் 550 டாலரிலிருந்து 695 ஆனது அந்த ஜூலையில்தான். டெல்டா வகைத் தொற்று பரவத் தொடங்கியதும் அதே வாரங்களில். இந்தியாவிலும் 2021 அக்டோபர் 18 முதல் விமான நிறுவனங்கள் பழைய அட்டவணையை முழுதாக இயக்கலாம் என்றானதும் லவுஞ்ச் வாசல்களில் வரிசை நீண்டது. அரசு விமானங்களின் எண்ணிக்கையை 33 விழுக்காடு, 45, 60, 80, பிறகு 50 என்று அவ்வப்போது கூட்டிக் குறைத்துக் கையாண்டது. அந்த நுணுக்கம் லவுஞ்ச் வாசலில் நின்றுவிட்டது.

லவுஞ்சுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பரிமாறும் மேசைகளை எடுத்துவிட்டு மூடிய கிண்ணத்தில் உணவு தந்தார்கள். கைப்பேசியில் குறியீட்டைப் படம்பிடித்து உணவு கேட்க வைத்தார்கள். ஒன்றுவிட்டு ஒரு இருக்கையில் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். மேசைகளை இடைவிடாமல் துடைத்தார்கள். துடைப்பதில் செலவான உழைப்பை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தொற்றுள்ள பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் பிடிக்கும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று 2021 ஏப்ரலில் சிடிசி சொல்லிவிட்டது. ஆய்வாளர்களான லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்ட் மில்டனும் 239 அறிவியலாளர்களின் ஆதரவோடு, கிருமி காற்றில் மிதந்து பரவுவதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டது 2020 ஜூலையில். அதற்குப் பிறகும் ஓராண்டு மேசையே துடைக்கப்பட்டது. காற்று அப்படியே கிடந்தது.

காற்றை அளப்பது கடினமான வேலை அல்ல. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவு. நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 40,000 பங்கு. ஓர் அறையில் 1,200 என்று மானி காட்டினால், அங்கே உள்ளிழுக்கும் ஒவ்வொரு ஐம்பது மூச்சிலும் ஒரு மூச்சளவு காற்று ஏற்கெனவே இன்னொருவரின் நுரையீரலில் இருந்து வந்தது என்று பொருள். 800 என்றால் நூறில் ஒன்று. ஆள் ஏற ஏற எண் ஏறும், காற்றோட்டம் கூடினால் இறங்கும். கூட்டம், காற்று இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும் கருவி அது. விலையும் லவுஞ்சின் ஒரு நாள் ஒயின் செலவுக்குள் அடங்கும். பெல்ஜியம் 2021இல் உணவகங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் இந்த மானியை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கி, 900ஐ இலக்காகவும் 1,200ஐ உச்சவரம்பாகவும் வைத்தது. சாப்பிடும் இடத்தில் முகக்கவசத்தை நம்ப முடியாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொண்ட விதி அது. முகத்தைத் திறந்தே ஆக வேண்டிய அறையில் காற்றைத்தான் காக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது பயணியைப் பற்றியதல்ல. பயணி ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர், தட்டு கழுவுபவர், கழிப்பறையைத் துடைப்பவர் ஆகியோர் அதே காற்றில் எட்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் நிற்கிறார்கள். அவர்கள் முகத்தில் முகக்கவசம் எப்போதும் இருந்தது. அவர்களுக்கு விலக்கு கிடையாது. ஆனால் சாதாரணத் துணிக் கவசம் அணிந்தவரைப் பெரிதாகக் காப்பதில்லை. அது முக்கியமாக அணிந்தவரிடமிருந்து பிறரைக் காப்பது. ஆக, அந்த அறையில் பாதுகாப்பு ஒரே திசையில் ஓடியது: ஊழியரிடமிருந்து விருந்தினருக்கு. விருந்தினரிடமிருந்து ஊழியருக்கு எதுவும் வரவில்லை. அவர்களுக்கு இறுக்கமாகப் பொருந்தும் என்95 கவசங்களை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்திருந்தால், சுவரொட்டிகள் எல்லாவற்றையும்விட அது அதிகப் பயன் தந்திருக்கும்.

அமெரிக்க விதி 2022 ஏப்ரல் 18 அன்று விழுந்தது. ஃபுளோரிடாவின் மத்திய மாவட்ட நீதிபதி கேத்ரின் கிம்பல் மிசெல், 1944ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் சிடிசிக்கு இவ்வளவு அதிகாரம் தரவில்லை என்றும், பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் நடைமுறையைத் தவிர்த்தது தவறு என்றும் தீர்ப்பளித்தார். அன்று மாலையே பெரிய விமான நிறுவனங்கள் விதியைக் கைவிட்டன. இந்தியாவில் அது 2022 நவம்பர் 16வரை நீடித்தது. இடையே ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம் மறுபடி ஒருமுறை கண்டிப்பு காட்டியது.

அமெரிக்க விதி விழுந்து ஆறு வாரம் கழித்து, 2022 ஜூன் 1 முதல், டெல்டா ஏர்லைன்ஸ் தன் லவுஞ்சுகளில் புதிய கட்டுப்பாடு கொண்டுவந்தது. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் வருபவருக்கு நுழைவு இல்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2023 பிப்ரவரி முதல், ஆண்டுக்கு 75,000 டாலர் செலவழிக்காத பிளாட்டினம் வாடிக்கையாளரின் விருந்தினருக்குத் தலைக்கு 50 டாலர் வாங்கத் தொடங்கியது. டெல்டா 2025 பிப்ரவரி முதல் ஓர் அட்டைக்கு ஆண்டில் இத்தனை முறைதான் என்று வருகையையே எண்ணத் தொடங்கியது. உட்கார இடமில்லை என்று வாடிக்கையாளர்கள் சலித்துக்கொண்டதும் கதவில் ஆள் எண்ணும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அந்த வழி 2021லும் இருந்தது. அன்று எண்ணியிருந்தால் வரிசை வெளியே, கூரை உயர்ந்த பொதுக்கூடத்தில் நின்றிருக்கும். உள்ளே இருப்பவர்கள் திறந்த முகத்தோடு சாப்பிட்டாலும் ஓரளவு நல்ல காற்று கிடைத்திருக்கும்.

இனிச் செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. லவுஞ்ச் நடத்துபவர் எவரானாலும் நிலையத்தின் குத்தகைதாரர். ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. சதுர அடிக்கு வாடகை, வருமானத்தில் பங்கு, தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். மூடிய அறைகளில் தொற்றுக் காலத்துக்கென ஆளுக்கு எவ்வளவு தூய காற்று வேண்டும் என்பதை அமெரிக்கக் காற்றோட்டப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 2023 ஜூலையில் 241ஆம் தரநிலையாக வகுத்துக் கொடுத்துவிட்டது. அந்த அளவுக்குக் காற்று தர முடியாவிட்டால் ஆள்களைக் குறைக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையும், கரியமில வாயு மானியை வாசலில் மாட்ட வேண்டும் என்ற இன்னொரு நிபந்தனையும் அடுத்த குத்தகையில் எழுதப்படலாம். எழுத வேண்டியவர் நிலையத்தை நடத்துபவர். இந்தியாவில் பல இடங்களில் அது விமான நிலைய ஆணையம். சென்னையும் அதன் கையில்தான் இருக்கிறது.